பாட்டன் பிறந்த மண்ணுக்காக ஆடுகிறவர்கள்

சிங்கப்பூரில் ரக்பி என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனத்தில் வருவது 15 பேர் ஆடும் யூனியன் ஆட்டம்தான். இல்லையென்றால் அதன் சுருங்கிய வடிவமான எழுவர் ஆட்டம். பாடாங் திடலில் சிங்கப்பூர் கிரிக்கெட் மன்றம் நடத்திவந்த எழுவர் போட்டியும், காலாங்கிலுள்ள தேசிய விளையாட்டரங்கத்துக்கு வரும் உலகத் தொடரின் சிங்கப்பூர்ச் சுற்றும், நம் பள்ளிகளுக்கிடையே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் போட்டிகளும் அந்த ஆட்டத்தைச் சேர்ந்தவையே. 13 பேர் ஆடும் ரக்பி லீக் என்று தனி ஆட்டம் ஒன்று இருப்பதும், அதற்கென்று 1954 முதல் ஓர் உலகக் கிண்ணம் நடந்துவருவதும் இங்கே பலருக்குத் தெரியாது. பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்த ஒருவர் என்னோடு சில காலம் பணியாற்றினார். அவர் வழியாகத்தான் நான் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் ஊர் திரும்பிவிட்டார், என் ஆர்வம் குறையவில்லை. ஆட்டத்தின் வேகம் அதற்குப் பாதிக் காரணம் என்றால், யார் எந்த நாட்டின் சட்டையை அணிவது என்று இந்த உலகக் கிண்ணம் எழுப்பும் கேள்வி மறுபாதி.

ஆட்டம் பிறந்த கதையே ஒரு சம்பளத் தகராறுதான். இங்கிலாந்தின் வட பகுதியில் ரக்பி ஆடியவர்கள் நூற்பாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் வேலை பார்த்த தொழிலாளர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரலாமா என்று கேட்டபோது, தெற்கே இருந்த வசதி படைத்த நிர்வாகிகள் கூடாது என்றார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் விடுதியில் வடக்கு மன்றங்களின் பேராளர்கள் கூடித் தனியாகப் பிரிந்தார்கள். பணம் கொடுத்து ஆட வைப்பதென்றால் பார்வையாளர் கட்டணம் வர வேண்டும், கட்டணம் வர வேண்டுமென்றால் ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பதால் விதிகளும் ஒவ்வொன்றாக மாறின. 1906-ல் அணிக்கு 15 பேர் என்பது 13 ஆயிற்று. 1908-ல் சிட்னியில் லீக் போட்டிகள் தொடங்கின.

சடுகுடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு ரக்பி லீக் அந்நியமாகத் தெரியாது. பந்தை ஏந்தியவர் எதிரணியின் வரிசைக்குள் நேராகப் புகுகிறார். இருவரோ மூவரோ சேர்ந்து அவரை மடக்கித் தரையில் கிடத்துகிறார்கள். சடுகுடுவில் பிடிபட்டவர் வெளியேற வேண்டும், இங்கே எழுந்து மறுபடியும் ஆட வேண்டும், அதுதான் வேறுபாடு. பிடிபட்டவர் எழுந்து நின்று, பந்தைத் தன் காலடியில் வைத்து, பாதத்தால் பின்னால் உருட்டிவிடுகிறார். பின்னால் குனிந்து நிற்கும் துணையாளர் அதை எடுத்து அடுத்தவருக்கு எறிகிறார். அதற்குள் எதிரணியினர் 10 மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். இப்படி ஆறு முறை பிடிபடும் வரைதான் பந்து ஓர் அணியிடம் இருக்கும். அதற்குள் எதிரணியின் கடைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தினால் 4 புள்ளி, முடியாவிட்டால் பந்தை எதிரணியிடம் விட்டுவிட வேண்டும். ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் பிடிபட்டவர் எழும் அந்தச் சில நொடிகளில் அடங்கியிருக்கிறது. மேலே விழுந்து கிடப்பவர் கையை எடுக்கிற சாக்கில் ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால், அவருடைய அணி வரிசை கட்டி நிற்க நேரம் கிடைக்கிறது. கீழே கிடப்பவர் மீன்போலத் துள்ளி உடனே எழுந்துவிட்டால், பின்வாங்கி முடிக்காத தடுப்பாளர்களுக்கிடையே ஓர் இடைவெளி திறக்கிறது. ஆட்டம் பழகப் பழக, பந்தைவிட அந்த மல்லுக்கட்டையே கண் தேடும்.

உலகக் கிண்ணத்தைத் தொடங்கிவைத்தது பிரான்ஸ் என்பது பலரும் எதிர்பாராத செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனிக்கு அடங்கி பிரான்ஸை ஆண்ட விஷி அரசு 1941-ல் ரக்பி லீக் அமைப்பைக் கலைத்து, அதன் பணத்தையும் சொத்துகளையும் பறித்துக்கொண்டது. பறித்தது பிறகும் திருப்பித் தரப்படவில்லை. போர் முடிந்த பின் வெறுங்கையோடு எழுந்த அந்த அணி, 1951-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் டெஸ்ட் தொடரை 2–1 என்று வென்று திரும்பியது. புய்க் ஓபேர் என்ற உருண்டு திரண்ட உடல்வாகுள்ள, சிகரெட்டை விடாத பின்கள ஆட்டக்காரர், அந்தப் பயணத்தில் உதைத்துக் குவித்த புள்ளிகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அந்த உற்சாகத்தின் தொடர்ச்சியாகத்தான் பிரெஞ்சுக் கூட்டமைப்பின் தலைவர் போல் பாரியேர் உலகக் கிண்ணம் வேண்டும் என்று வற்புறுத்தி, 1954-ல் தம் நாட்டிலேயே நடத்தியும் காட்டினார். பிரான்ஸ், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என நான்கே அணிகள். பாரிஸில் நடந்த இறுதியாட்டத்தில், முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் இல்லாமல் வந்திருந்த பிரிட்டன் 16–12 என்று பிரான்ஸை வென்றது.

பாரியேர் கொடுத்த கிண்ணத்துக்கும் ஒரு கதை உண்டு. 1970-ல் பிராட்ஃபோர்டு நகரத்தில் அது திருடுபோனது. 20 ஆண்டுகள் எங்கே கிடந்ததென்று எவருக்கும் தெரியவில்லை. 1990-ல் அதே வட்டாரத்தில், குப்பையோடு குப்பையாகக் கண்டெடுக்கப்பட்டது. நல்லவேளை, கண்டெடுத்தவர் பழைய இரும்புக்குப் போடவில்லை.

கிண்ணத்தை வென்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் இந்தப் போட்டியின் பெருங்குறை விளங்கிவிடும். இதுவரை நடந்த 16 போட்டிகளில் ஆஸ்திரேலியா 12 முறையும், பிரிட்டன் 3 முறையும், நியூசிலாந்து 2008-ல் ஒரே ஒரு முறையும் வென்றிருக்கின்றன. வேறு எந்த நாடும் வென்றதில்லை. பிரிட்டன் கடைசியாக வென்ற 1972-ல்கூட இறுதியாட்டம் 10–10 என்று சமனில் முடிந்து, முந்தைய சுற்றுப் புள்ளிகளின் அடிப்படையில்தான் கிண்ணம் கைமாறியது. அந்த அணியின் தலைவர் கிளைவ் சல்லிவன், பிரிட்டனின் தேசிய அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர். இறுதியாட்டத்தில் தம் பக்கத்துத் திடலிலிருந்தே ஓடிக் கடந்து அவர் பெற்ற புள்ளிகளின் பழைய படச்சுருள் இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் பார்க்கலாம்.

ஒரே நாடு திரும்பத் திரும்ப வெல்லும் போட்டியை உலகப் போட்டி என்று எப்படி அழைப்பது? அமைப்பாளர்கள் கண்ட வழி, அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. 2000-ல் 16 அணிகளைக் கொண்டுவந்தார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, லெபனான் எனப் பல அணிகளின் பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ பிறந்து வளர்ந்தவர்கள். தாய் தந்தையோ, தாத்தா பாட்டிகளில் ஒருவரோ ஒரு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக்காக ஆடலாம் என்பது விதி. பத்திரிகைகள் எள்ளி நகையாடின. ஹல் நகரத்தில் ஆஸ்திரேலியா ரஷ்யாவை 110–4 என்று நொறுக்கியது. போட்டி பணத்தை இழந்தது. அடுத்த உலகக் கிண்ணத்துக்கு எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. தாத்தா பாட்டி விதி என்பது ஏட்டுச் சுரைக்காய், அதைக்கொண்டு அணி கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று அப்போது சொன்னவர்களைக் குறைகூற முடியாது.

அதே விதிதான் 17 ஆண்டுகளுக்குப் பின் இந்தப் போட்டியைத் தூக்கி நிறுத்தியது. 2017 போட்டிக்குச் சில வாரங்களே இருக்கையில், நியூசிலாந்து அணியின் முதுகெலும்பாக இருந்த ஜேசன் டௌமலோலோ, தாம் டோங்காவுக்கு ஆடப்போவதாக அறிவித்தார். ஆஸ்திரேலிய அணிப் பட்டியலில் பெயர் வெளிவந்துவிட்ட ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் விலகி டோங்காவுக்குப் போனார். பெரிய நாட்டுக்கு ஆடியவர் பின்னர் சிறிய நாட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று விதி முன்பே தளர்த்தப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள்தொகை கொண்ட தீவு நாட்டின் அணி, ஹாமில்டன் நகரத்தில் நியூசிலாந்தைச் சந்தித்தது. இடைவேளையில் 2–16 என்று பின்தங்கியிருந்து, முடிவில் 28–22 என்று வென்றது. அரையிறுதியில் இங்கிலாந்திடம் 0–20 என்று கிடந்து, கடைசிச் சில நிமிடங்களில் மூன்று முறை கோட்டைக் கடந்து, 18–20 என்று தோற்றது. ஆக்லாந்தின் தெற்குப் புறநகர்களில் கார் சன்னல்களிலிருந்தெல்லாம் சிவப்புக் கொடிகள் பறந்தன. 2019-ல் அதே ஆக்லாந்தில் டோங்கா ஆஸ்திரேலியாவையே 16–12 என்று வீழ்த்தியது.

2000-க்கும் 2017-க்கும் இடையே விதியின் அடிப்படை மாறவில்லை. அதைப் பயன்படுத்திய ஆட்களின் நிலைதான் மாறியது. முன்பு, ஆஸ்திரேலிய அணியில் இடம் கிடைக்காதவர்கள் பாட்டி பிறந்த நாட்டை நினைவுகூர்ந்தார்கள். இப்போது, ஆஸ்திரேலிய அணியில் இடம் உறுதியாக இருப்பவர்களே அதை வேண்டாம் என்கிறார்கள். தள்ளப்பட்டவன் தாய்வீடு திரும்புவதும், விருந்துக்கு அழைக்கப்பட்டவன் அதை விட்டுவிட்டுத் தாய்வீட்டுக் கஞ்சியைத் தேடி வருவதும் ஒன்றாகிவிடுமா? விதியை இன்னும் குறைகூறுகிறவர்கள் இந்த ஒன்றைக் கவனிப்பதில்லை என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. நமக்கும் தேசிய அணி யாருடையது என்ற விவாதம் புதிதல்ல, ஆனால் அது எதிர்த்திசையில் ஓடும் விவாதம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மகளிர் மேசைப்பந்து அணி வெள்ளி வென்றபோது, 1960-ல் பளுதூக்கும் வீரர் டான் ஹாவ் லியாங் வென்றதற்கு 48 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பதக்கம் அது. 2010-ல் மாஸ்கோவில் அதே அணி சீனாவையே வென்று உலக வெற்றியாளரானது. ஆனாலும் அந்தப் பெண்கள் சீனாவில் பிறந்து இங்கே குடியுரிமை பெற்றவர்கள் என்பதால், காப்பிக்கடைப் பேச்சில் பாராட்டும் முணுமுணுப்பும் கலந்தே வந்தன. வந்து சேர்ந்தவரை நம்மவர் என்று ஏற்பதா என்பது நம் கேள்வி. டோங்காவுக்கும் அதைப் போன்ற தீவு நாடான சமோவாவுக்கும் உள்ள கேள்வி, போய்விட்டவரின் பிள்ளையை இன்னும் நம்மவர் என்று சொல்லலாமா என்பது. அவர்கள் தயங்காமல் ஆம் என்கிறார்கள். நம் சட்டமோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிறப்பால் இரண்டு குடியுரிமை பெற்ற பிள்ளை 21 வயதானதும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். டௌமலோலோ ஒரு சட்டையைக் கழற்றிவிட்டு இன்னொன்றை அணிந்ததுபோல் இங்கே செய்ய முடியாது.

என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி இங்கே வந்தவர். ரக்பி லீக்கின் கணக்குப்படி, என் தந்தை இந்திய அணிக்கு ஆடத் தகுதியுள்ளவர், நானும் தகுதியுள்ளவன், என் பிள்ளைகளோ ஒரு தலைமுறை தள்ளிப்போய்விட்டதால் தகுதியற்றவர்கள். அவர்களிடம் இதைச் சொன்னபோது சிறிதும் வருந்தியதாகத் தெரியவில்லை. மூன்றாம் தலைமுறையில் கோடு போட்டது சரியான இடம்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. பாட்டனைக் கண்ணால் பார்த்தவனுக்கு அந்த ஊர் ஒரு மனிதரின் குரலாகவும் கைப்பழக்கமாகவும் இருக்கும். அடுத்த தலைமுறைக்கு அது குடும்ப மரத்தில் எழுதிய பெயர்.

2021-க்கான போட்டி, கொவிட் காரணமாக ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விலகியதால், ஓராண்டு தள்ளி 2022-ல் இங்கிலாந்தில் நடந்தது. முதல் ஆட்டத்தில் நியூகாசலில் இங்கிலாந்து சமோவாவை 60–6 என்று துவைத்தெடுத்தது. பென்ரித் மன்றத்துக்காகச் சில வாரங்களுக்கு முன்புதான் ஆஸ்திரேலிய லீக் கிண்ணத்தை வென்றிருந்த ஜெரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீஃபன் கிரைட்டன் மூவரும் அந்தச் சமோவா அணியில் இருந்தார்கள். பெயர்கள் பெரியவை, கூடிப் பழகிய நாள்கள் போதவில்லை. நான்கு வாரங்கள் கழித்து இலண்டன் எமிரேட்ஸ் அரங்கத்தில் அரையிறுதியில் அதே இரு அணிகள் மீண்டும் சந்தித்தபோது, இங்கே நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் அனைவரும் தூங்கிவிட்டதால் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஆட்டம் முடியும் தறுவாயில் இங்கிலாந்தின் பந்தை கிரைட்டன் இடைமறித்துப் பறித்து ஓடிக் கோட்டைக் கடந்து, அணியை 26–20 என்று முன்னிறுத்தினார். வென்றாயிற்று என்று நினைக்கையில் இங்கிலாந்து மறுமுனையில் புகுந்து 26–26 என்று சமன்செய்தது.

முதலில் புள்ளி பெறுபவருக்கே வெற்றி என்ற கூடுதல் நேரம் அது. ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தரையில் விழவிட்டு, அது எழும் கணத்தில் உதைத்து, குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் ஒரு புள்ளி. அதை உதைப்பது வழக்கமாக நடு ஆட்டத்தை நடத்துபவர்களின் வேலை. அன்று பந்து வந்து சேர்ந்தது, ஓரத்துக்குச் சற்று உள்ளே ஆடும் கிரைட்டனின் கைக்கு. ஆறடிக்கு மேல் உயரமுள்ள அந்த இளைஞர், எதிரே இரண்டு பேர் கைகளை உயர்த்திப் பாய்ந்து வர, அவசரமே இல்லாதவர்போல் பந்தை விட்டு உதைத்தார். பந்து கம்பத்தைக் கடப்பதற்குள் அவர் கைகளை விரித்து ஓடத் தொடங்கிவிட்டார். 27–26. பசிபிக் தீவு நாடு ஒன்று முதன்முறையாக உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போயிற்று. ஓல்டு டிராஃபோர்டில் ஆஸ்திரேலியா 30–10 என்று வென்றது. அந்த இறுதியாட்டத்தைப் பற்றி எழுத அதற்கு மேல் எதுவுமில்லை.

மாறாக, அதே போட்டியின் சக்கர நாற்காலிப் பிரிவைப் பற்றி எழுத நிறைய உண்டு. ஆண்கள், பெண்கள், சக்கர நாற்காலி என மூன்று உலகக் கிண்ணங்களையும் ஒரே வேளையில் நடத்தினார்கள். சக்கர நாற்காலி ஆட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடலாம். உடற்குறை இல்லாதவர்களும் ஓரளவு இடம்பெறலாம். தோளில் ஒட்டியிருக்கும் பட்டையைப் பிடுங்குவதுதான் இங்கே டேக்கில், அதாவது எதிராளியைப் பிடிப்பது. அனுதாபப் பார்வையோடு வந்து உட்கார்ந்தவர்கள், நாற்காலிகள் மோதிக் கவிழும் ஓசையில் ஐந்து நிமிடத்தில் அதை மறந்துவிடுவார்கள். இறுதியில் இங்கிலாந்து 28–24 என்று பிரான்ஸை வென்றது. மூன்று பிரிவுகளிலும் விறுவிறுப்பான இறுதியாட்டம் அதுவே.

குறைகளும் இல்லாமல் இல்லை. சமோவாவுக்கு ஆடுகிறவர்கள் ஆண்டு முழுவதும் பிழைப்பது ஆஸ்திரேலிய மன்றங்களின் சம்பளத்தில். ஆஸ்திரேலிய மாநிலங்களான குயின்ஸ்லாந்துக்கும் நியூ சௌத் வேல்ஸுக்கும் இடையே நடக்கும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில் நியூ சௌத் வேல்ஸ் சட்டையோடு ஆடிவிட்டு, ஆண்டின் இறுதியில் சமோவாவின் நீலத்தை அணிகிறார்கள். சமோவா பெரிய நாடுகளின் வரிசையில் சேர்க்கப்படாததால்தான் விதி இதற்கு இடம் கொடுத்தது. உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை வந்த அணியைச் சிறிய நாடு என்றே வைத்திருப்பது ஆட்டக்காரர்களுக்கு வசதி, அந்த நாட்டின் பெருமைக்கு இழுக்கு. ஒருநாள் இதைத் தீர்த்தே ஆக வேண்டும். தீர்க்கும்போது அந்த இளைஞர்களின் வருமானத்தில் கைவைக்காமல் தீர்க்க வேண்டும்.

அடுத்த போட்டி 2026 அக்டோபரிலும் நவம்பரிலும் ஆஸ்திரேலியாவில். முதலில் பிரான்ஸ் நடத்துவதாக இருந்தது. அரசின் நிதி உத்தரவாதம் கிடைக்காமல் 2023-ல் அது விலகிக்கொண்டது. உலகக் கிண்ணத்தைப் பெற்றெடுத்த நாடு அதை ஏற்று நடத்த முடியாமல் போனதில் எனக்கு மெய்யான வருத்தம் உண்டு. 10 அணிகள் ஆடும் இந்தப் போட்டியின் சில ஆட்டங்கள் பாப்புவா நியூகினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் நடைபெறும்.

நான் மிகவும் எதிர்பார்ப்பது அந்த ஆட்டங்களைத்தான். ரக்பி லீக்கைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் நாடு அது. சொர்க்கப் பறவையின் பெயரால் குமுல்ஸ் என்று அழைக்கப்படும் அதன் அணிக்குப் புலம்பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகளைத் தேட வேண்டிய தேவை குறைவு. மலைக் கிராமங்களிலிருந்தே ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். மலைநாட்டில் வளர்ந்து, லே நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் படித்து, பிறகு மெல்பர்ன் அணியில் சேர்ந்து 2020-ல் ஆஸ்திரேலிய லீக் கிண்ணத்தை வென்ற ஜஸ்டின் ஓலம் அவர்களில் ஒருவர். 2028 முதல் ஆஸ்திரேலிய லீக்கில் பாப்புவா நியூகினிக்கென்றே ஓர் அணி ஆடவிருக்கிறது. ஆஸ்திரேலிய அரசு அதற்கு 10 ஆண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய வெள்ளி தருகிறது, சீனாவின் செல்வாக்கைத் தள்ளிவைக்கும் கணக்கும் அதில் அடக்கம். போர்ட் மோர்ஸ்பிக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தான் வேறுபாடு என்பதால், இந்த முறை தூக்கம் கெடாமல், ஒலியையும் அணைக்காமல் பார்க்கலாம். சேர்ந்து பார்க்க விரும்பும் நண்பர்கள் எழுதுங்கள். விதிகளைச் சொல்லித்தர முதல் 10 நிமிடம் போதும்.